கருப்பட்டியில் சுண்ணாம்பு

மலையில் எங்கள் தோட்டத்துத் தேயிலை விலை போகாமல் தேங்கிய வருஷம் எனக்கு இருபத்துமூன்று வயது. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் என் புருஷன் காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். குழந்தை இல்லை. நானும் அம்மாவும் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். நான் ஃபாக்டரியில் குச்சி பொறுக்கினேன். காய்ந்த தூளைப் பலகையில் பரப்பி, அதில் கிடக்கும் சிவப்புக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிற வேலை. ஒரு குச்சி தங்கினாலும் சீமையில் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மேஸ்திரி பயமுறுத்துவார். சீமை எங்கே இருக்கிறது, அங்கே யார் இதைக் குடிக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள் என்பது மட்டும் ஒருநாள் தெரிந்தது.

பெட்டிகள் மலையை விட்டு இறங்கவில்லை. ஃபாக்டரிக்குள் இடம் போதாமல் வராந்தாவில் அடுக்கினார்கள். பிறகு கொழுந்து எடுப்பதைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து ரைட்டர் செக்ரோல் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பேர்களைப் படித்தார். படித்த பேர்க்காரர்கள் மூட்டை கட்ட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் செடிகளைத் தவிர வேறொன்றையும் பார்க்காத பெண்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழ்நாட்டில் ஊர் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. அங்கே போனால் அடையாளம் தெரிந்துகொள்ள ஆளில்லை. அம்மாவின் பேரும் படிக்கப்பட்டது.

அன்று மத்தியானமே ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். மிஷன்காரர்கள் நடத்திய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவது வரை படித்திருந்தேன்.

“ஒனக்கு வாசிக்க எழுதத் தெரியுமில்லா?”

“தெரியும்யா.”

“கீழ பாலக்காட்டுப் பக்கம் டீ போடச் சொல்லிக் குடுக்க ஆளு வேணுமாம். சீமைக்காரன் வாங்கலேன்னா நம்ம சனத்தைக் குடிக்க வைக்கணும்னு தொரைமாருங்க எல்லாரும் சேந்து ஆபீஸ் போட்டிருக்காங்க. ஆம்பளை போனா அடுப்படிக்குள்ள விடமாட்டாங்க. பொம்பளையாளு வேணும்.”

“எங்கம்மா பேரு?”

அவர் பேரேட்டை மூடினார். “நீ அங்க வேலையில இருக்கிற வரைக்கும் ஒங்கம்மா பேரு இங்க இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு.”

அவர் சொன்னதை நான் கெட்ட எண்ணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உதவி என்றுதான் நினைத்தேன். மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, அங்கிருந்து பொள்ளாச்சி போய், பஸ்ஸும் ரயிலும் மாறிப் பாலக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் கால்கள் வெயிலின் சூட்டைப் புதிதாகப் பார்த்தன.

பாலக்காட்டில் ஒரு வாரம் பாடம். எங்களுக்குப் பாடம் சொன்ன இன்ஸ்பெக்டர் டவுனில் பழைய கோயில் தெருவைச் சேர்ந்தவர். சுத்தமான வேட்டி, மேலே கோட்டு. தண்ணீர் எப்படிக் கொதிக்க வேண்டும், தூள் எத்தனை கரண்டி, எத்தனை நிமிஷம் மூடி வைக்க வேண்டும், எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் போட்ட டீயை ஒரு முழுங்கு வாயில் வைத்துப் பார்த்து வெளியே துப்புவார். அவர் வீட்டில் காப்பி மட்டும்தான் என்று பியூன் சொன்னான். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அந்த ஒரு வாரமும் நாங்கள் நிறையச் சிரித்தோம் என்று ஞாபகம்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை கிடைத்தது. மலை திருவிதாங்கூர் ராஜ்யம், கொழிஞ்சாம்பாறை கொச்சி ராஜ்யம், கொஞ்சம் கிழக்கே நடந்தால் வெள்ளைக்காரர் ஆளும் கோயமுத்தூர் ஜில்லா. அங்கே ஒரு ராவுத்தர் மளிகைக் கடை வைத்திருந்தார். ஆபீஸ் அனுப்பும் காலணாத் தேயிலைப் பொட்டலங்களை விற்பதற்கு அவர்தான் ஏஜெண்டு. கடைக்குப் பின்னாலிருந்த சரக்கு அறையில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து எனக்குக் கொடுத்தார். ஒரு பம்பு ஸ்டவ், ஒரு கெட்டில், ஒரு டஜன் பீங்கான் கோப்பை, சுருட்டி வைத்த படம் ஒன்று. இவ்வளவுதான் என் உத்தியோகம். காலையில் ஒரு ஊர், சாயங்காலம் ஒரு ஊர். என் பெட்டியைச் சுமக்க ராவுத்தரின் ஒற்றைமாட்டு வண்டி வரும்.

முதல் மாதத்தில் வடகரப்பதிப் பக்கம் ஒரு பெரிய பண்ணை வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டம்மா நல்லவர்தான். வாசல் பந்தலில் நிழலைக் காட்டி, “உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க” என்றார். கெட்டிலை எடுத்தேன். அப்போதுதான் கேட்டார்.

“ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?”

“மலைங்க.”

“மலையில எந்த ஊருங்க? பூர்வீகம்?”

சொன்னேன். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொல்லாவிட்டால் அதுவே பதில். அவர் முகம் ஒன்றும் கோணவில்லை. உள்ளே திரும்பி, வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, “நம்மூட்டுப் பாத்தரத்த எடுத்துட்டு வா” என்றார். பிறகு அந்தப் பெண்தான் எல்லாம் செய்தாள். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டு, தண்ணீர் கொதிக்கட்டும், இப்போது தூளைப் போடு, இப்போது மூடு என்று வாயால் சொன்னேன். அவர்கள் குடித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நாலு பொட்டலம் வாங்கினார்கள், காசைத் திண்டில் வைத்தார்கள். நான் கொண்டுவந்த தேயிலையைத் தொடத் தயங்காதவர்கள், என் கையால் போட்ட டீயைத் தொடமாட்டார்கள். அது என் அம்மாவும் அவள் மாதிரி பெண்களும் விரலால் கிள்ளிய கொழுந்துதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் பொட்டலம் விற்றிருக்காது.

அந்த மாதிரி வீடுகளே அந்தப் பக்கம் அதிகம். வெளியே நின்று வாயால் மட்டும் டீ போட்டுப் பழகிக்கொண்டேன்.

பனங்காட்டில்தான் ஒரு அடுப்படி எனக்குத் திறந்தது. வடகரப்பதிக்கு வெளியே, ஒரு பண்ணைக்காரருக்குச் சொந்தமான பனைகளைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து ஒரு குடும்பம் கருப்பட்டி காய்ச்சியது. புருஷன் மரம் ஏறுவான். அவன் பெண்சாதி காய்ச்சுவாள். இரண்டு பெண் குழந்தைகள். அவளுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் அக்கா என்றேன். அவள் என்னை அம்மிணி என்றாள். நான் யார் என்ன என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்காமலே தெரிந்திருக்கும். அவளையும் பெரிய வீடுகளில் வாசலுக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துவார்கள்.

கருப்பட்டி காய்ச்சுவதைப் பற்றி இப்போது சிலர் உருகிப் பேசுகிறார்கள். அவர்கள் யாரும் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்ததில்லை. பனையோலைப் புகையில் அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். கொப்பரையிலிருந்து தெறித்த பாகு முழங்கை வரை தழும்பாகக் கிடந்தது. தை பிறந்து ஆனி முடிய அவளுக்கு ஓய்வு கிடையாது. ஆனால் அந்தக் கருப்பட்டியை வாங்க ஆள் இருந்தது. ராவுத்தர் வாங்குவார். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பாதி போகும், மீதி வண்டியேறிப் பொள்ளாச்சிக்குப் போகும். சுக்குத்தண்ணி, மல்லித்தண்ணி, பிள்ளைபெற்றவள் மருந்து, எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் இனிப்பு. அந்த ஆறு மாதத்து வேலையில் வருஷம் முழுக்கச் சோளமும் ராகியும் வாங்கிச் சாப்பிட்டார்கள். வாரம் ஒருநாள் நெல்லுச் சோறு.

அவளிடம் முதல்முறை டீ போட்டபோது அது திரிந்துபோயிற்று. சீனி இல்லை என்று கொதிக்கிற பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது. இரண்டு பெண் குழந்தைகளும் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இரு அம்மிணி, நான் பாக்கறேன்” என்று அவளே அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தூளோடு கருப்பட்டியையும் வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டாள். வடிகட்டி இறக்கிவைத்தாள். கொஞ்சம் ஆறவிட்டு, காய்ச்சிய பாலைக் கடைசியில் மேலாக ஊற்றினாள். திரியவில்லை. மண்சட்டி நிறத்தில், பனைவாசனையோடு இருந்தது. நான் அதுவரை குடித்த டீயில் அதுதான் ருசியானது.

“தேத்தண்ணி இப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுக்கா” என்றேன்.

“உன்ற டீத்தண்ணி கசப்புக்கு எங்க கருப்பட்டிதான் சரி” என்றாள். அவளுக்குப் பெருமை.

அன்றைக்கு அவள் எனக்கு மற்றதையும் காட்டினாள். மரத்தில் கட்டும் கலயத்தின் உள்பக்கத்தில் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று கேட்டேன். தடவாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்றாள். காய்ச்சுவதற்கு முன் தெளியவைத்து, அடியில் தங்கும் வண்டலை வடித்துக் கொட்டுவதையும் காட்டினாள். எனக்கு ஊரில் வேறு சிநேகிதம் இல்லை. வாரத்தில் ஒருநாளாவது வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

அவள் கண்டுபிடித்த முறையை ஏழெட்டு ஊர்களில் சொல்லிக்கொடுத்தேன். டீ சட்டென்று பிடித்துக்கொண்டது. கருப்பட்டி எல்லா வீட்டிலும் இருந்தது. சீனிக்குத்தான் காசு வேண்டும். சீனியை அந்தப் பக்கம் அஸ்கா என்பார்கள், பண்டிகைக்கு வாங்குவதோடு சரி. பொட்டலங்கள் விற்றன. கருப்பட்டியும் அந்தக் கோடையில் கூடவே விற்றது. இந்த நல்ல சேதியை எல்லாம் வாராந்திர ரிப்போர்ட்டில் விவரமாக எழுதி ஆபீசுக்கு அனுப்பினேன். மெச்சுவார்கள் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்தார். ராவுத்தர் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆரைக் கேட்டு இதைச் சொல்லிக்கொடுத்தாய்?”

“ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்.”

“பிடிக்கட்டும். ஒரு வீட்டுக்கு மாசம் எத்தனை பொட்டலம் போறது?”

சொன்னேன்.

“அஸ்கா போட்டுக் குடிக்கற வீட்டிலே அதுக்கு ரெட்டிப்பாப் போகும். கருப்பட்டி போட்டா பாதித் தூள்லேயே நிறம் கறுத்துடும், கேட்டயா. அப்பறம் எவன் முழுத் தூள் போடுவான்? தூள் நல்லதா மட்டமான்னுகூட நாக்குக்குத் தெரியாது. நாம விக்கறது தேயிலையாக்கும், கருப்பட்டி இல்லை.”

அவர் கோபமாகப் பேசவில்லை. கணக்கு வாத்தியார் தப்பைத் திருத்துவது போலச் சொன்னார். எழுந்து போகும்போது, “உன்னை அனுப்பின தோட்டத்துக்காரா நல்லவா. அவாளுக்கு நான் ஒண்ணும் எழுதப்போறதில்லை, இப்போதைக்கு” என்றார். அம்மா மலையில் கூடையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கருப்பட்டி சொல்லிக்கொடுக்காதே என்பதுதான் அவர் உத்தரவு. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. மீதி என் வாயிலிருந்து வந்தது.

அடுத்த வாரம் ஒரு ஊரில் பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். “போன தடவ கருப்பட்டி போடுன்னு சொன்னீங்க, இப்ப அஸ்காங்கறீங்க. ஏனுங்க?” உத்தரவு என்று சொன்னால் சிரிப்பார்கள். யோசிக்காமல் சொன்னேன், “கருப்பட்டியில சுண்ணாம்பு இருக்கு. கலயத்துல தடவுறாங்க. சும்மா சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது. டீயோட சேந்தா குடலை அரிக்கும்.”

ஒரு கிழவி, “ஆமா, சுண்ணாம்பு தடவறாங்கதான்” என்றாள். அவ்வளவுதான். பொய்க்கு ஒரு கால் உண்மையாக இருந்தால் போதும், அது நடந்துவிடும். நான் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் அது எனக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போயிருந்தது. மூன்றாவது ஊரில் என்னிடமே ஒருத்தி சொன்னாள், அவளுக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்குக் கருப்பட்டி டீயால் ரத்தமாகப் போயிற்றாம். நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

பனங்காட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். வண்டிக்காரரிடம் வேறு பாதை சொல்வேன். ஒரு சந்தைநாள் காலையில் அவளே கடைக்குப் பின்னால் என் தட்டி மறைவுக்கு வந்தாள். கூடையில் கருப்பட்டி விற்காமல் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மிணி, நீ சொன்னியா?”

நான் கெட்டிலைத் துடைக்க எடுத்தேன்.

“கலயத்துல சுண்ணாம்பு தடவறத உனக்கு நாந்தான காட்டுனேன்?”

“ஆமாக்கா.”

“தெளிய வெச்சு வண்டலக் கொட்டறதையும் காட்டுனேனல்ல? அத எந்த ஊட்லயும் சொல்லலியா?”

“சொல்லலைக்கா.”

“பாதியச் சொல்லிப்போட்டு மீதிய உட்டுட்டியே.”

அழுகை வந்தது. “எங்கம்மா பேரு தோட்டத்துச் செக்ரோல்ல இருக்கணும்க்கா. நான் அவங்க சொல்றதைக் கேக்கலேன்னா பேரை அடிச்சிருவாங்க. அம்மாவுக்குப் போக்கிடம் இல்ல” என்றேன். செக்ரோல் என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்திருக்காது. அம்மா என்பது புரிந்தது.

“உங்கம்மாளுக்கு நான் என்ன பண்ணுனேன்?” என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாம் என்னால் நடந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு பெருமையடிப்பாகிவிடும். அந்த வருஷங்களில் எல்லாப் பண்டத்துக்கும் விலை விழுந்தது. எங்கெங்கோ ஆலைகள் வந்து அஸ்கா மலிந்தது. மூட்டை மூட்டையாக ரயிலில் வந்து இறங்கியது. கொழிஞ்சாம்பாறையில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை வந்தது. பிறகு அதற்கு எதிரே ஒன்று. அதற்குப் பிறகு வழி நெடுக. கிராமத்துப் பால் விடியும்போதே அந்தக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தது. மத்தியானம் மோர் கேட்டால் இல்லை என்றார்கள். தேயிலை மலையிலிருந்து, அஸ்கா வடக்கேயிருந்து, கோப்பை அதற்கும் அப்பாலிருந்து. அந்த ஊர்க்காரர்களுடையது என்று அந்தக் கோப்பையில் பாலும் தண்ணீரும்தான் மிச்சம். கருப்பட்டியைத் தள்ள அத்தனை பேர் சேர்ந்து நின்றார்கள். அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொடுத்தவள் மட்டும் நான்.

அடுத்த தை மாதம் ராவுத்தர் பனங்காட்டுக் குடும்பத்திடம் வாங்குவதைக் குறைத்தார். அதற்கடுத்த வருஷம் நிறுத்திவிட்டார். நான் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன், “அந்தப் பனங்காட்டு ஆளுங்ககிட்ட கொஞ்சமாச்சும் எடுக்கலாமில்ல மொதலாளி?”

அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “நான் சரக்கு விக்கிறவன் தங்கச்சி. சனங்க எதக் கேக்குதோ அத வெக்கிறேன். கேக்க வேணாம்னு சனத்துக்குச் சொல்லிக் குடுத்தது நீயி. இப்ப வாங்கச் சொல்றதும் நீயா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அன்று முழுக்க அவர்மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

என் ஊர்களை ஆபீஸ் நல்ல ஊர்கள் என்று பாராட்டியது. இலவசமாக டீ கொடுப்பதை அங்கே நிறுத்திவிட்டார்கள். இனி அவர்களாகவே குடிப்பார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். குடித்தார்கள். இதே சமயத்தில் மலையில் விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு நாள் தோட்டத்து ரைட்டரிடமிருந்து கடிதம் வந்தது. பழைய ஆட்கள் போன இடம் தெரியவில்லை, இப்போது கொழுந்து முற்றிப்போகிறது, உன் பக்கம் கைவேகமுள்ள பெண்கள் இருந்தால் ஆள் சேர்க்க வருகிற கங்காணிக்குக் காட்டிக்கொடு என்று எழுதியிருந்தார். அம்மா சுகமாக இருக்கிறாள் என்பது கடைசி வரி.

கங்காணி ஒரு வாரத்தில் வந்தார். குடை, கைக்கடிகாரம், வாய் நிறைய வெற்றிலை. யாரையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டார். பனங்காட்டுக்கு வழி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் அப்போது ஒருவேளைக் கஞ்சியில் இருந்தது. மலையில் கூலி தவறினாலும் அரிசி தவறாது. உதவி செய்கிறேன் என்று நினைத்திருப்பேன். அவள் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விட்டால் எனக்கு எல்லாப் பாதையிலும் வண்டியைத் திருப்ப முடியும் என்ற நினைப்பும் இருந்திருக்கும்.

அவர்கள் பஸ் ஏறிய நாளில் போனேன். ஒரு மூட்டை, இரண்டு சட்டி, இரண்டு பெண்கள். மூத்தவள் வளர்ந்திருந்தாள். புருஷன் என்னைப் பார்க்காமல் பஸ்ஸின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். அவள் என்னிடம் வந்து பேசினாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

“அங்க ரொம்பக் குளுருமா அம்மிணி?”

“மழையில குளிரும்க்கா. கம்பளி குடுப்பாங்க. கூலில பிடிச்சுக்குவாங்க.”

“அட்டை கடிக்கும்ங்கறாங்களே.”

“உப்பும் புகையிலையும் துணியில முடிஞ்சு வெச்சுக்கோங்க. காலைத் தேச்சா விழுந்துரும். பிச்சு எடுக்காதீங்க, புண்ணாகும். ரெண்டு இலையும் ஒரு மொட்டும் சேத்துக் கிள்ளணும். முத்தின இலை கூடையில இருந்தா எடையில கழிச்சிருவாங்க.”

ஒவ்வொன்றுக்கும் அவள் “ம்” கொட்டிக் கேட்டுக்கொண்டாள். சின்னவளைக் கூப்பிட்டு, “அட்டைய பிச்சு எடுக்கக் கூடாதாமா, கேட்டுக்க” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. ஒரு வசவு வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அம்மா நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிய கடிதம் வந்தது. லீவு கேட்டு மலையேறினேன். லயத்து அறையில் அம்மாவுக்குப் பனங்காட்டு அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறை அவளுடையது. அம்மா எழுதச் சொன்ன எந்தக் கடிதத்திலும் இது இல்லை.

“வா அம்மிணி” என்றாள். கை வேலையை நிறுத்தவில்லை. அவள் விரல்களில் கொழுந்துக் கறை ஏறி நகக்கண் கறுத்திருந்தது. முழங்கைத் தழும்புகள் அப்படியே இருந்தன. கண்ணில் சிவப்பு மட்டும் போயிருந்தது.

அவள் புருஷன் முதல் மழையோடு இறங்கிப் போய்விட்டானாம். ஏறுவதற்கு மரம் இல்லாத மலையில் அவனுக்குக் கைகால் ஓடவில்லை. கீழே போனால், அவர்கள் பாட்டம் விட்ட பனைகளைப் பண்ணைக்காரர் விட்டத்துக்கும் சட்டத்துக்கும் விலை பேசி அறுத்துவிட்டாராம். இப்போது பொள்ளாச்சியில் மூட்டை தூக்குகிறான். எப்போதாவது வருவான். பெண்கள் இரண்டு பேரும் கொழுந்துக் கூடை கட்டிவிட்டார்கள்.

“எறங்கி வந்துரலாமில்லக்கா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது.

“எங்க எறங்கறது?” என்றாள். “இங்க சனிக்கிழமை அரிசி போடறாங்க. புள்ளைங்க பசின்னு அழுகறதில்ல. அத நான் பொய் சொல்லக் கூடாது.” கஞ்சிச் சட்டியை மூடிவிட்டு, “குளுருதான்” என்றாள்.

நாலு நாள் அங்கே இருந்தேன். அவள் விடியும் முன் பெரட்டுக்குப் போவாள், மத்தியானம் எடைக்கு நின்றுவிட்டு வந்து அம்மாவுக்கு வெந்நீர் வைப்பாள். எங்களுக்குள் வேறு பேச்சு நடக்கவில்லை. அம்மா, “தங்கமான பொண்ணு, எந்த ஊர்ப் புண்ணியமோ பக்கத்துல வந்து சேந்துச்சு” என்று என்னிடம் சொன்னாள். அவளை எனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதற்கு, கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பார்த்திருக்கிறேன் என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காதில் அது விழுந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் அம்மா செத்துப்போனாள். மண் போட நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளும் அவள் பெண்களும்தான் அருகில் இருந்தார்களாம்.

அதற்குப் பிறகு டீ ஆபீஸ் வேலையில் நான் இருக்க ஒரு காரணமும் இல்லை. யாருக்காகவும் பயப்பட வேண்டியதில்லை. இருந்தும் மூன்று வருஷம் இருந்தேன். வேறு தாலூகாவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பனை இருந்தது, அங்கேயும் பெண்கள் கருப்பட்டி போடலாமா என்று கேட்டார்கள். அஸ்காதான் நல்லது என்றேன். மாதச் சம்பளம் வந்தது. வெளுத்த சேலை கட்டினேன். பஸ்ஸில் உட்கார இடம் கொடுத்தார்கள். ஊருக்குள் இறங்கினால் பத்துப் பேர் டீக்காரம்மா வந்தாச்சு என்று எழுந்து வருவார்கள். கேட்பதற்கு அது எனக்கு நன்றாக இருந்தது.